நௌஷாட்டின் முகம்

தேத்தண்ணிக்கு மணி அடித்ததும் பெண்கள் எல்லாரும் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பைப்படிக்குப் போனார்கள். இறால் வாடை போவதற்காகத் தேசிக்காய்த் தோலை விரல் இடுக்குகளில் தேய்ப்பது அந்தக் கம்பனியில் எல்லாருக்கும் பழக்கம். கேதீஸ்வரியும் தேய்த்துக்கொண்டு நின்றாள். கைறுன்னிஸா அவளைத் தேடி வந்து, குளிர் அறைக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கமாகக் கூட்டிப் போனாள். யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, வெள்ளை மேலங்கிக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

“அக்கா, ஒரு படம் காட்டுறன். பாத்துச் சொல்லுங்க. இது ஏமாத்துற ஆள்ற முகமா?”

கேதீஸ்வரி குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. கையிலிருந்த தேசிக்காய்த் தோலை நசுக்கிக்கொண்டே நின்றாள். சாறு மணிக்கட்டு வழியாக வடிந்து முழங்கை வரைக்கும் போனது.

“இது ஆரு?”

“நௌஷாட் எண்டு பேர். டோஹாவில இஞ்சினியர். ஊர் கல்முனைதானாம்.”

“இல்லகா,” என்றாள் கேதீஸ்வரி. “இது எங்கட ஆள். உதயன்.”

அவள் குரலில் ஆச்சரியமே இருக்கவில்லை. சந்தையில் தெரிந்தவரைக் கண்டு பெயர் சொல்வதைப்போலச் சொன்னாள். கைறுன்னிஸாவுக்குத்தான் முதுகு குளிர்ந்தது. குளிர் அறையின் சுவரோடு சாய்ந்து நிற்பதால் என்று முதலில் நினைத்துக்கொண்டாள்.

உதயன் யார் என்று அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். கேதீஸ்வரியின் புருஷன் உதயரூபன். லொறி ஓட்டியவன். சண்டை முடிந்த வருஷம் சாமான் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து ஒரு கோல் எடுத்து, “இன்னும் கொஞ்சம் அங்கால போறன், நாளைக்குத் திரும்பிடுவன்” என்று சொன்னவன். அதோடு சரி. லொறியும் இல்லை, ஆளும் இல்லை. கேதீஸ்வரியின் பேர்ஸில் இருக்கும் பாஸ்போட் அளவுப் படத்தைக் கைறுன்னிஸா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒடிசலான முகம், நெற்றியில் விழும் அடர்ந்த முடி, முப்பது வயதைத் தொடாத ஒரு பையன். இந்தப் படத்தில் இருப்பவனுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கன்னம் சதை பிடித்து, காதுக்கு மேலே நரைத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்தவன். இரண்டையும் அவள் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. இப்போது கேதீஸ்வரி சொன்ன பிறகு, வாவியில் கலங்கல் அடங்கினால் அடியில் கிடக்கும் கல் தெரிவதைப்போல, அந்தக் கிழட்டு முகத்துக்கு அடியிலிருந்து இளைய முகம் மெல்ல மேலே வந்தது. பிறகு எவ்வளவு முயன்றும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“பாத்தியா, காதுக்கு மேலதான் முதல்ல நரைச்சிருக்கு,” என்றாள் கேதீஸ்வரி. “இவர்ர அப்பாக்கும் அப்பிடித்தான் நரைச்சது.”

கைறுன்னிஸா அந்த முகத்தோடு ஏழெட்டு மாதமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். ஏறாவூரில் தாய் ஆயிஷா உம்மாவோடு இருக்கிறாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது புருஷன் வேறு கலியாணம் முடித்துக்கொண்டான். திரும்பி வந்து, கட்டி முடியாத வீட்டில் தகரத்துக்குக் கீழே இருந்து, காலையில் வாழைச்சேனைக்கு பஸ் ஏறி, பின்னேரம் இறங்கி, உம்மாவுக்கு மருந்து கொடுத்து, மறுகா என்ன, இனி என்ன என்று ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் அவனுடைய முதல் செய்தி வந்தது. தவறுதலாக வந்ததாம். மன்னிப்புக் கேட்டான். மறுநாள் நலம் விசாரித்தான். தினமும் விசாரித்தான். ‘உணவு உட்கொண்டீர்களா? உடல்நிலை எவ்வாறு உள்ளது?’ கல்முனைப் பக்கத்து ஆண்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். படித்தவர், வெளிநாட்டில் வளர்ந்தவர், அதுதான் புத்தகத் தமிழ் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தொழுகை நேரத்தை ஞாபகப்படுத்துவான். உம்மாவின் சீனி வருத்தத்துக்கு என்ன சாப்பிடக் கூடாது என்று எழுதுவான். கோல் எடுக்கமாட்டான், கம்பனிச் சட்டம் என்பான். ஆனால் அவள் எந்த நேரத்தில் என்ன சொன்னாளோ, அதை எல்லாம் மறக்காமல் வைத்திருந்து திரும்பக் கேட்பான். அவளை அப்படி யாரும் கேட்டதில்லை.

தங்கத்தில் முதலீடு செய்யும் கதை பிறகு வந்தது. போனில் போடச் சொல்லி அவன் அனுப்பிய அப் ஒன்றில் அவளுடைய பணம் நாளுக்கு நாள் வளர்ந்தது. தகரத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கொங்கிறீட் தட்டுப் போடவென்று வைத்திருந்த குவைத் காசு முழுக்க அதற்குள் போனது. பெருநாளுக்கு முன் கொஞ்சம் எடுக்கலாம் என்று கேட்டபோது, முதலில் வரி கட்ட வேண்டும் என்றான். வரி கட்டினாள். பிறகு வரிக்கு ஒரு வரி என்றான். அன்றைக்குத்தான் அவளுக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. ஆனாலும் படத்தை எடுத்துப் பார்த்தால் அந்தக் கண்கள் பாவமாக இருந்தன. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் பொய் சொல்வானா என்று யாரிடமாவது கேட்டுப் பார்க்கத்தான் கேதீஸ்வரியைக் கூப்பிட்டாள்.

“வீடியோ ஒண்டும் இருக்கு,” என்றாள் இப்போது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகுதான் பட்டது.

அது நாலைந்து விநாடிதான் ஓடும். சத்தம் இல்லை. அந்த முகம் நேரே பார்க்கும், ஒருதரம் கண்ணை மூடித் திறக்கும், தலையைச் சற்றுச் சாய்த்துச் சிரிக்கும், திரும்பவும் முதலிலிருந்து நேரே பார்க்கும். எவ்வளவு நேரம் விட்டாலும் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். முன்னர் அதைப் பார்த்து அவள் வெட்கப்பட்டிருக்கிறாள். இப்போது கேதீஸ்வரியின் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, சிரிக்கும்போது கண் அசையவில்லை என்பது தெரிந்தது. சிரிப்பு வாயோடு நின்றது. தலை சாய்ந்தபோது காது கொஞ்சம் கரைந்து, பின்னாலிருந்த சுவரோடு ஒட்டிக்கொண்டு, மறுபடியும் காதானது.

கேதீஸ்வரி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனாள்.

“பல்லு சரி இல்ல.”

“என்ன பல்லு?”

“இவருக்கு முன்பல்லு பாதிதான். சுனாமியில தென்னையில அடிபட்டு உடைஞ்சது. இதில முழுசா இருக்கு.” பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, “வெளிநாட்டில பல்லுக் கட்டுவாங்கதானே,” என்றாள்.

மணி அடித்தது. இருவரும் திரும்பவும் கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனார்கள்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் கைறுன்னிஸா தெளிவாகச் சொன்னாள். “அக்கா, இது மனுசன் இல்ல. எங்கேயோ ஒரு அறையில குந்திக்கிட்டுப் பத்துப் பேர் சேந்து செய்ற வேலை. படத்தை எங்கேயோ களவெடுத்திருக்கானுகள். எனக்கு வெளங்கிட்டு. ராவைக்கே நான் இந்த நம்பரை வெட்டிப்போடப் போறன்.”

“வெட்டாத.”

“அக்கா...”

“வெட்டாத, புள்ள. உனக்குக் காசுதானே போனது.”

சொன்ன பிறகு கேதீஸ்வரியே திடுக்கிட்டாள். கைறுன்னிஸாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நான் அப்பிடிச் சொல்லேல்ல. களவெடுத்தெண்டாலும் எங்க இருந்து எடுத்தவனுகள்? இந்த வயசில உதயன்ர படம் ஆரிட்ட இருக்கு? ஆராவது எடுத்திருக்கத்தானே வேணும். எடுக்கிறதுக்கு ஆள் இருந்திருக்கத்தானே வேணும்.”

கைறுன்னிஸாவை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவளின் புருஷனுடைய முகத்துக்கு அவள் துஆ கேட்டிருக்கிறாள். அந்த முகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். உயிரோடு இருந்தாலும் மவுத்தானாலும் அது இன்னொருத்தியுடைய முகம். ஏறாவூரில் இறங்கும்போது கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கம்பனிக்குப் பின்னால், வாவிக்குள் இறங்கும் மரப் பாலத்துக்குப் போனார்கள். காற்றே இல்லை. தண்ணீர் அசையாமல், கழுவி வைத்த தட்டத்தைப்போலக் கிடந்தது. கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வைத்துக்கொண்டு ஆடாமல் நின்றன. கேதீஸ்வரி போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ‘நீங்க உதயரூபனா’ என்று எழுதி அனுப்பினாள்.

உடனே பதில் வரவில்லை. நீர்க்காகம் ஒன்று கம்பு மாறி உட்கார்ந்தது. பிறகு வந்தது.

‘ஆம். நான்தான். உங்களுக்கு எவ்வாறு தெரியும்?’

கைறுன்னிஸா “அல்லாஹ்வே” என்றாள். வாய்விட்டுச் சொன்னாளா, மனதுக்குள்ளா என்று தெரியவில்லை. ஏழெட்டு மாதமாக நௌஷாட் என்று இருந்தவன், ஒரு பெயரைச் சொன்னதும் சட்டையைக் கழற்றுவதுபோல் அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டான். கேட்டது யார் என்றுகூட அவன் கேட்கவில்லை.

கேதீஸ்வரி எழுதினாள். தான் அவருடைய பெண்சாதி கேதீஸ்வரி என்றும், இது சிநேகிதியின் போன் என்றும், தன்னுடைய நம்பருக்கு எடுக்கச் சொல்லியும் எழுதி, நம்பரையும் போட்டாள். கைறுன்னிஸா தடுப்பதற்குள் அனுப்பிவிட்டாள். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ‘என் அன்பு மனைவியே. உங்களை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. என்னை ஓரிடத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். நான் வேறு பெயரில் வாழ்கிறேன். வீடு திரும்ப விரும்புகிறேன். கடவுச்சீட்டுக்கும் விமானச் சீட்டுக்கும் ஒரு தொகை தேவைப்படுகிறது.’

கேதீஸ்வரி அதை இரண்டு தடவை வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுதத் தொடங்கினாள். இம்முறை அவள் விரல் தடுமாறவில்லை.

‘மகள் விதுர்ஷா உங்களைக் கேட்டபடி. நல்லாப் படிக்கிறாள்.’

கைறுன்னிஸாவுக்கு விதுர்ஷாவைப் பற்றித் தெரியும். நாவலடியில் கடல் ஊருக்குள் வந்த அன்று தகப்பனுடைய கையில் இருந்த பிள்ளை. தவழத் தொடங்கியிருந்தாள். தண்ணீர் அவளைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. பல்லும் உடைந்து தோளும் கிழிந்தவன், ஆட்களோடு சேர்ந்து தேடித் திரிந்து, பிள்ளையைத் தானே கண்டெடுத்து, தன் கையாலேயே குழி வெட்டித் தாட்டான். அந்த மண்வெட்டியைப் பிறகு அவன் தொட்டதே இல்லை என்று கேதீஸ்வரி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

‘என் செல்ல மகள் விதுர்ஷா! அவள் இப்போது எவ்வளவு உயரமாக வளர்ந்திருப்பாள்! அவளுக்கு என் முத்தத்தைக் கொடுங்கள்.’

தண்ணீர் அப்படியே கிடந்தது. கேதீஸ்வரி போனை நீட்டினாள்.

“அவர் இல்ல,” என்றாள். “சண்டை முடிஞ்ச அடுத்த வருஷம் ஒருத்தன் வந்தவன், உதயன் காம்பில இருக்கார், காசு தந்தா எடுத்துத் தாறன் எண்டு. அவனிட்ட ஏமாந்தன். மறுகா இன்னொருத்தன் வந்தவன். அவனிட்டத்தான் முதல்முதல்ல இப்பிடிக் கேட்டுப் பாத்தன். மகள் சுகமா இருக்கிறாள் எண்டு சொல்லிவிடுங்க எண்டன். அடுத்த நாள் வந்து, ‘மகளை நினைச்சு அழுறார்’ எண்டான். மோரைக் குடிக்கக் குடுத்துட்டு வெளியில போகச் சொன்னன்.”

“அப்ப வெட்டிருவமா?”

“வெட்டு.”

படம் எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. கேதீஸ்வரி சுவிஸிலிருக்கும் மச்சாளுக்கு, உதயரூபனின் அக்காவுக்கு, கோல் எடுத்தாள். படத்தைப் பற்றிச் சொன்னதும் மச்சாள் அழத் தொடங்கினாள். “நான்தான் கா செய்விச்சன். இஞ்ச ஒரு பொடியனிட்ட அவன்ர பழைய படத்தையும் அப்பாட படத்தையும் குடுத்து, இப்ப இருந்தா எப்பிடி இருப்பான் எண்டு கொம்பியூட்டரில செய்யச் சொன்னன். ஆராவது கண்டா அடையாளம் பிடிக்கட்டுமெண்டு பேஸ்புக்கில போட்டன். உனக்குக் காட்டப் பயமா இருந்தது.”

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் கைறுன்னிஸாவும் கேட்டாள். ஆக, அப்படி ஒரு முகம் யாருக்கும் இல்லை. வாழாமலே வயது போன முகம். ஒரு கமராவும் எடுக்காத படம். அக்காக்காரி ஆசைக்குச் செய்த பொம்மையை யாரோ கண்டெடுத்து, அதற்கு வாயும் பெயரும் வைத்து, அவளுடைய வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். ‘உணவு உட்கொண்டீர்களா’ என்று தினமும் அவளைக் கேட்டது எது?

அடுத்த கிழமை இருவரும் லீவு போட்டுக்கொண்டு போனார்கள். வங்கியில் இருந்த பெண்பிள்ளை, போன காசு திரும்புவது கஷ்டம் என்றாலும் முறைப்பாடு கொடுப்பது நல்லது, இன்னும் எத்தனை பேர் இதே கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்களோ என்றாள். பொலிஸில் கைறுன்னிஸா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். காதலித்தீர்களா என்று கேட்டபோது அவள் தலை குனிந்தாள். கேதீஸ்வரிதான், “ஓம், எழுதுங்க சேர். அதில என்ன வெக்கம்? களவெடுத்தவன்தான் வெக்கப்படோணும்,” என்றாள். படத்தைப் பார்த்த பொலிஸ்காரர், ஆளைத் தெரியுமா என்றார். இருவரும் ஒரேநேரத்தில் “தெரியா” என்றார்கள். செய்திகளை அழிக்க வேண்டாம், விசாரணைக்குத் தேவைப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதனால் எல்லாம் போனுக்குள்ளேயே இருந்தது. நம்பரைத் தடுத்தாயிற்று. ஆனாலும் கைறுன்னிஸா வீட்டில் போனைக் கவிழ்த்துத்தான் வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் அந்தக் கறுப்புத் தகட்டுக்குள், யாரும் பார்க்காதபோதும் அது நேரே பார்த்து, கண்ணை மூடித் திறந்து, தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டேயிருப்பதாகப் பட்டது. ஒருநாள் காலையில் ஆயிஷா உம்மா போனை நிமிர்த்தி வைத்திருந்தாள். கைறுன்னிஸா போட்ட சத்தத்தில் அந்தக் கிழவி பயந்தே போனாள். நாள் போகப் போக அந்தப் பயமும் கொஞ்சம் குறைந்தது. கம்பனியில் ஆயிரம் வேலை. புதிதாக வந்த இரண்டு பிள்ளைகளுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து செய்தி அனுப்புவதாகத் தெரிந்தபோது, கைறுன்னிஸா வெட்கத்தை விட்டுவிட்டு நடந்ததை அவர்களுக்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கேதீஸ்வரி பக்கத்தில் இருந்து இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் வழக்கம்போல இருவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. சந்திவெளி கழிந்ததும் கேதீஸ்வரியின் மடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு முந்தானைக்குள் வைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதிர்ந்தது. கைறுன்னிஸா பார்க்கவென்று பார்க்கவில்லை. சீலைத் துணிக்கு ஊடாக வெளிச்சம் அடித்து, முந்தானை விலகித் திரை தெரிந்தது. வெளிநாட்டு நம்பர் ஒன்று. பெயர் போடாத நம்பர். அதன் கீழே:

‘விதுர்ஷா உணவு உட்கொண்டாளா? அவளுடைய படிப்பு எவ்வாறு செல்கிறது?’

“அக்கா!”

கேதீஸ்வரி யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காசு ஒரு சதம் குடுக்கேல்ல,” என்றாள். “குடுக்கவும் மாட்டன். எனக்கென்ன விசரா?”

“அப்ப என்னத்துக்கு இது?”

“அவளைப் பத்திக் கேக்கிறான்.” குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. “இருபது வருஷமா ஒருத்தரும் கேக்கேல்ல, கைறுன். எங்கட அம்மாகூடக் கேக்கேல்ல. நான் அழுதிடுவனாம் எண்டு அவள்ற பேரைச் சொல்ல மாட்டாங்க. இவன் ஒவ்வொரு நாளும் கேக்கிறான். காய்ச்சல் எண்டு சொன்னன், மருந்து குடுத்தீங்களா எண்டு கேட்டான். கம்பஸ் கிடைச்சிட்டுதெண்டு சொன்னன்.”

தனக்குள் ஏழெட்டு மாதம் எது இனித்துக்கொண்டு கிடந்ததோ அது இப்போது பக்கத்துச் சீட்டில் இருப்பதைக் கைறுன்னிஸா கண்டாள். வந்தாறுமூலையில் பஸ் நின்று, கம்பஸ் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தி இவர்களுக்கு முன்சீட்டில் வந்து இருந்தாள். இருபது வயது இருக்கும். ஈரம் காயாத கூந்தல், மடியில் ஒரு பை. பஸ் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே யன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண் அயர்ந்துவிட்டாள். வெயில் அவளுடைய பாதிக் கன்னத்தில் விழுந்து விழுந்து மறைந்தது.

போன் மறுபடியும் அதிர்ந்தது. ‘என் மகளின் படம் ஒன்றை அனுப்புங்கள்.’

கேதீஸ்வரி போனை மெதுவாக உயர்த்தினாள். தூங்குகிற பிள்ளை திரைக்குள் வந்தாள். கன்னம், காதோரத்து மயிர், வாய் சற்றே திறந்திருந்தது. கேதீஸ்வரியின் பெருவிரல் கீழேயிருந்த வெள்ளை வட்டத்துக்கு மேலே நின்றது.

கைறுன்னிஸா கையை நீட்டி, போனின் பின்பக்கக் கமராவில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். திரையிலிருந்து பிள்ளை போய்விட்டாள். வெயில் தசைக்கு ஊடாகப் பாய்ந்து, திரை முழுக்க ஒரு செக்கச் சிவந்த இருட்டு நிறைந்தது. கேதீஸ்வரி கையைத் தட்டிவிடவும் இல்லை, போனை இறக்கவும் இல்லை. இருவரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அதுவும் மெல்ல அசைந்தது, உள்ளே ஏதோ புரள்வதைப்போல.